சாவி கிராமபோனை நன்றாகப் பாட வைப்பது எப்படி

பரணிலிருந்தோ பழைய சாமான் கடையிலிருந்தோ ஒரு சாவி கிராமபோன் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. சாவி கொடுத்தீர்கள், தட்டு சுற்றியது, பாட்டும் வந்தது. ஆனால் கேட்கச் சகிக்கவில்லை. ஒரே கரகரப்பு, மூக்கடைத்த குரல், மேல் ஸ்தாயியில் பிடிக்கும்போதெல்லாம் ஒரு கிர்ரென்ற அதிர்வு, பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது. பழசு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் கிராமபோன் மின்சாரமே இல்லாமல் ஒரு கூடத்தை நிறைக்கும். பாடகரின் வாயசைவு தெரிகிற அளவுக்குக் குரல் முன்னால் வந்து நிற்கும். உங்கள் பெட்டியும் அந்த நிலைக்குத் திரும்பப் பெரும்பாலும் சில நூறு ரூபாய்ச் சாமானும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

எல்லா மாடலையும் ஒரே கட்டுரையில் அடக்க முடியாது. அதனால் எச்.எம்.வி. 102 என்ற பெட்டி மாடலை மனதில் வைத்து எழுதுகிறேன். 1931-இல் வந்து 1950களின் பிற்பகுதி வரை விற்பனையில் இருந்த மாடல் அது. வெளியே குழல் தெரியாது, சூட்கேஸ் போல மூடித் தூக்கிக்கொண்டு போகலாம். கொலம்பியா, டெக்கா பெட்டிகளுக்கும் இங்கே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும். அதைவிடப் பழைய, மைக்காத் தகடு வைத்த சவுண்ட் பாக்ஸ்களுக்கு (முள்ளை மாட்டும், அதிரும் தகடு அடங்கிய வட்டத் தலைக்கு அதுதான் பெயர்) எங்கே வித்தியாசம் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன்

கிராமபோனில் சத்தத்தைப் பெருக்கும் உறுப்பு எதுவுமே கிடையாது. தட்டின் வரித்தடத்தில் இருக்கும் நெளிவு முள்ளை ஆட்டுகிறது. முள் ஒரு சிறிய நெம்புகோலை ஆட்ட, அது ஒரு மெல்லிய தகட்டை ஆட்டுகிறது. தகடு தள்ளும் காற்று, சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் கைக்குழாய் வழியாகப் போய்க் குழலில் விரிந்து வெளியே வருகிறது. இவ்வளவுக்கும் வேண்டிய சக்தி முழுக்க நீங்கள் சாவி கொடுத்து ஸ்பிரிங்கில் ஏற்றி வைத்ததுதான். ஆகவே இந்த இயந்திரத்தில் சத்தத்தைக் கூட்ட வழியில்லை, வீணாவதைத்தான் நிறுத்த முடியும். காற்று எங்கே கசிகிறது, எந்த உறுப்பு இறுகிப்போயிருக்கிறது, எது லொடலொடக்கிறது என்று பாட்டு வரும் வழியிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் வேலை முடிந்தது.

முள்ளில் தொடங்குங்கள். முள்ளை மாற்றாமல் மோட்டாரைக் கழற்றுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு மோட்டாரைத் தொட வேண்டிய தேவையே இருந்திருக்காது.

முள்

எஃகு முள் ஒன்றுக்கு ஆயுள் தட்டின் ஒரு பக்கம்தான். மூன்று நிமிடம் பாடியதும் அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புது முள் வைக்க வேண்டும். வீண்செலவு என்று தோன்றும். தட்டைச் செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால் அப்படித் தோன்றாது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் இந்தத் தட்டு வெறும் அரக்கு அல்ல. அரக்கு அதில் ஒட்டுப்பொருள் மட்டுமே. பெரும்பகுதி கல்மாவு போன்ற நிரப்பிகள். முதல் சில சுற்றுகளிலேயே அந்த மாவு முள்ளின் நுனியைத் தேய்த்து, தடத்துக்குள் கச்சிதமாக உட்காரும் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். தேய வேண்டியது முள்தான், தட்டு அல்ல என்ற கணக்கில் செய்த ஏற்பாடு இது. பக்கம் முடியும்போது அதே நுனி தட்டையாகி, ஓரங்கள் உளி போலக் கூர்ந்திருக்கும். அந்த முள்ளோடு அடுத்த பக்கத்தைப் போட்டால் தடத்தின் சுவரை அது செதுக்கிக்கொண்டே போகும். நூறு கிராமுக்கு மேல் எடை அந்த நுனியின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பழைய தட்டுகளில் பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறத்தில் வெளுத்த வளையங்கள் தெரியும், பார்த்திருப்பீர்கள். ஒரே முள்ளை வாரக்கணக்கில் ஓட்டியதன் விளைவு அது. ஒரு முறை போன தடம் திரும்ப வராது.

பழைய தகர டப்பாவில் கிடைக்கும் முட்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். பயன்படுத்தியதைத் திரும்ப டப்பாவிலேயே போட்டு வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருந்தது. பூதக்கண்ணாடியில் பாருங்கள்: புது முள்ளின் நுனி சீராக உருண்டு முடியும். தேய்ந்ததில் ஒரு பக்கம் வெட்டிவிட்டது போல மினுக்கும். துரு ஏறியிருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். எஃகு முட்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நூறு, இருநூறு என்று மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

முள்ளின் கனம்தான் இங்கே வால்யூம் திருகு. குட்டையாக, தடிமனாக இருப்பது உரத்த சத்தம் தரும். மெல்லியது வளைந்து கொடுப்பதால் அடங்கிய சத்தம் தரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகமும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நடுத்தரத்தையோ மென்மையானதையோ வாங்குங்கள். சத்தம் அதிகமாக இருக்கிறது என்று குழலுக்குள் துணியைத் திணிப்பதைவிட மென்முள் போடுவது தட்டுக்கும் நல்லது, காதுக்கும் நல்லது. மூங்கிலில் சீவிய முள்ளும் தாவர முள்ளும் அந்தக் காலத்திலேயே இருந்தன. சத்தம் குறைவு, ஆனால் இதமாக இருக்கும். தேய்ந்தால் நுனியைத் தீட்டி மறுபடி போடலாம். நல்ல நிலையில் இருக்கும் தட்டுக்கு மட்டுமே அவை சரிப்படும். தேய்ந்த தட்டில் பாதியிலேயே நுனி உடைந்துபோகும்.

முள்ளைத் துளைக்குள் அது போகிற ஆழம் வரை முழுவதுமாக விட்டு, பக்கத் திருகை விரலால் நன்றாக முறுக்குங்கள். பாதி நீட்டிக்கொண்டிருந்தால் சாய்வு மாறும், கிர்ரென்ற ஓசையும் வரும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது முள் தட்டோடு ஏறக்குறைய 60 பாகைச் சாய்வில் இருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் சவுண்ட் பாக்ஸ் எந்தப் பக்கமும் சாயாமல் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். கைக்குழாயில் அதைச் செருகும்போது சற்றுத் திரும்பிவிட்டால் முள் தடத்தின் ஒரு சுவரை மட்டும் அழுத்தும். தட்டைப் போடுவதற்கு முன் இதை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சவுண்ட் பாக்ஸ்

புது முள் போட்டும் பாட்டு மூக்கால்தான் வருகிறது என்றால் பத்துக்கு ஒன்பது முறை கோளாறு சவுண்ட் பாக்ஸில்தான். உள்ளே இருக்கும் தகட்டை ஓரத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் ரப்பர் வளையங்கள் எண்பது, தொண்ணூறு வருஷத்தில் கல்லாகியிருக்கும். தகடு தாராளமாக அசைய முடியாது. கீழ் ஸ்தாயி காணாமல் போகும், மிருதங்கத்தின் தொப்பி ஒலி எழவே எழாது, உரத்த இடங்களில் குரல் பிளக்கும்.

கழற்றாமலேயே சில சோதனைகள் செய்யலாம். முள் மாட்டிய சவுண்ட் பாக்ஸைக் கையில் எடுத்து, முள்ளின் நுனியை விரலால் லேசாகப் பக்கவாட்டில் தள்ளுங்கள். வில் போல வளைந்து கொடுத்து உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும். டக் டக்கென்று ஆடினால் நெம்புகோலின் அச்சு தளர்ந்திருக்கிறது. அசையவே மாட்டேன் என்றால் இறுகிவிட்டது. அடுத்தது காற்றுச் சோதனை. பின்பக்கத் துளையைச் சுத்தமாகத் துடைத்து, உதட்டை வைத்து மிக லேசாகக் காற்றை உறிஞ்சுங்கள். சில நொடி உதட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளே கசிவு இல்லை. உடனே விட்டுவிட்டால் வளையம் போய்விட்டது, அல்லது தகட்டில் எங்கோ ஓட்டை இருக்கிறது. பலமாக உறிஞ்ச வேண்டாம், தகடு கெட்டுப்போகும்.

இங்கே உங்கள் சவுண்ட் பாக்ஸ் எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 102-இல் வரும் 5ஏ, 5பி வகைகளில் இருப்பது வரி வரியாக அழுத்திய மெல்லிய அலுமினியத் தகடு. நெம்புகோல் நுண்ணிய எஃகுக் குண்டுகளின் மேல் ஆடுகிறது. இதைப் பிரிப்பது புதியவர் வேலை இல்லை. குண்டுகள் சிதறினால் திரும்ப அடுக்குவது பெரும்பாடு. தகடு ஒரு முறை நசுங்கினால் பழைய குரல் வராது. இதில் நீங்கள் தைரியமாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பின்னால் கைக்குழாயோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றுவது. அது கெட்டியாகிவிட்டால் அதிர்வு கைக்குழாய்க்குப் போய் வீணாகும், சுற்றிலும் காற்றும் கசியும். மெத்தென்ற புது வளையம் போட்ட உடனே அடிநாதம் எழுந்து வருவது காதுக்குத் தெரியும். சவுண்ட் பாக்ஸின் உலோகம் துத்தநாகக் கலவை வார்ப்பாக இருந்தால் காலப்போக்கில் அது உப்பி வெடித்திருக்கவும் கூடும். இழுத்து வராவிட்டால் பலம் போடாதீர்கள், விண்டு கையோடு வந்துவிடும்.

எக்ஸிபிஷன் போன்ற பழைய மைக்கா வகை அப்படியில்லை. நிதானமான கை இருந்தால் அதை வீட்டு மேசையிலேயே புதுப்பிக்கலாம். வேலைக்கு ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், திருகு உருண்டாலும் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்காவின் நடுவில் நெம்புகோலைப் பிடித்திருக்கும் குட்டித் திருகுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான இடம். அதன் மேல் மெழுகு இருக்கும். சூடான சால்டரிங் முனையைத் திருகின் தலையில் சில நொடி வைத்தால் மெழுகு இளகும். அப்புறம் நெம்புகோலை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு திருகைக் கழற்றுங்கள். நெம்புகோல் திரும்பினால் மைக்கா கீறும். பிறகு பின்பக்கத் திருகுகளைக் கழற்றிப் பின்தட்டை எடுத்தால் பழைய ரப்பர் தெரியும். மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, அது இருந்த பள்ளத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். மைக்காவை ஓரத்தில் மட்டும் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே காட்டிப் பாருங்கள். ஏடு ஏடாகப் பிரிந்து வெள்ளை பூத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டியதுதான்.

புது வளையத்துக்கு மிருதுவான மெல்லிய ரப்பர் குழாய் வேண்டும். பழையதன் கனத்துக்கு ஒத்துவந்தால் சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வு டியூபே போதும். சுற்றளவுக்குச் சரியாக வெட்டி, இரண்டு முனைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் முட்டிக்கொண்டு நிற்கும்படி வையுங்கள். இணைப்பு நெம்புகோல் இருக்கும் பக்கம் வரட்டும். முன்னால் ஒரு வளையம், மைக்கா, பின்னால் ஒரு வளையம் என்று அடுக்கி, பின்தட்டின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சம அளவில் முறுக்குங்கள். மைக்கா இரண்டு ரப்பருக்கும் நடுவில் மிதக்க வேண்டும், நசுங்கக் கூடாது. அதிகமாக முறுக்கினால் நீங்கள் போட்ட புது ரப்பரும் பழைய கல் ரப்பரும் ஒன்றுதான்.

கடைசியில் நெம்புகோல். நடுத்திருகைப் போடுவதற்கு முன் அதன் கால் மைக்காவைத் தள்ளவும் கூடாது, விலகி நிற்கவும் கூடாது, தொட்டும் தொடாமல் இருக்க வேண்டும். எக்ஸிபிஷனில் இருபுறமும் இரண்டு சிறு ஸ்பிரிங்குகளும் நட்டுகளும் இருப்பது இந்தச் சமநிலையைச் சரிசெய்யத்தான். மயிரிழை அளவுக்கு மட்டும் நட்டை நகர்த்திக்கொண்டே பாருங்கள், இதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. மைக்கா இழுபட்டு நின்றால் எந்தத் தட்டைப் போட்டாலும் குரல் பிழிந்துதான் வரும். சரியானதும் திருகைப் போட்டு, இரண்டு பக்கமும் ஒரு சொட்டுத் தேன்மெழுகை உருக்கி விடுங்கள். அப்புறம் அதே காற்றுச் சோதனை.

அதிர்வைக் கண்டுபிடிப்பது

உரத்த இடத்தில் மட்டும் கிர்ரென்று வருகிறதென்றால் எல்லாப் பழியையும் சவுண்ட் பாக்ஸின் மேல் போட வேண்டாம். முதலில் வேறொரு தட்டைப் போட்டுப் பாருங்கள். தட்டே தேய்ந்திருந்தால் எந்த இயந்திரத்தில் போட்டாலும் அந்த இடம் அப்படித்தான் கத்தும். எல்லாத் தட்டிலும் வருகிறது என்றால், பாடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு உறுப்பையும் விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்: முள் திருகு, சவுண்ட் பாக்ஸின் முன்வலை, கைக்குழாயின் வளைவு, மூடியின் தாங்கி, மோட்டார் பலகையின் திருகுகள், பெட்டியின் பூட்டு. எதைத் தொட்டதும் சத்தம் நிற்கிறதோ அதுதான் கோளாறு. தளர்ந்த பூட்டு ஒன்று போதும், முழுப் பாட்டையும் கெடுத்துவிடும்.

கைக்குழாயும் குழலும்

கைக்குழாயைத் தட்டுக்கு மேலே சற்றுத் தூக்கிப் பிடித்து, பக்கவாட்டில் லேசாகத் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். இறுகியிருந்தால் முள்தான் அதை இழுத்துக்கொண்டு போகும், அந்தச் சுமை முழுவதும் தடத்தின் சுவரில் விழும். அடிப்பக்க மூட்டைச் சுத்தம் செய்து வாசலின் மெல்லியதாகத் தடவுங்கள். ஆட்டமும் சுலபமாகும், காற்றும் அடைபடும். அந்த மூட்டுக்குக் கீழே, குழல் தொடங்கும் இடத்தில் இருக்கும் கம்பளி அல்லது ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்திருந்தால் அதே கனத்தில் புதிது வெட்டிப் போடுங்கள்.

அப்படியே குழலின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் பரணில் கிடந்த பெட்டிக்குள் குளவிக்கூடு இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்தப் பெட்டிகளில் மூடியும் ஒலிப்பாதையில் ஒரு பங்கு. அதை முழுதாகத் திறந்து வைத்தால்தான் சத்தம் கேட்பவர் பக்கம் திரும்பும். ஆடாத கனமான மேசையில், அறையின் மூலைப் பக்கமாக வையுங்கள். இரண்டு சுவர்களும் சேர்ந்து அடிநாதத்தைத் தாங்கிக் கொடுக்கும். பெட்டி மட்டமாக இருக்கிறதா என்று போனில் இருக்கும் மட்டக் கருவியில் பார்த்துவிடுங்கள், சரிந்திருந்தால் கைக்குழாய் ஒரு பக்கமாகவே போகப் பார்க்கும்.

வேகமும் சுருதியும்

நம் சங்கீதத்துக்கு இது முக்கியமான விஷயம். நிமிடத்துக்கு 78 சுற்று வர வேண்டிய தட்டு 82.6 சுற்று சுற்றினால் சுருதி சரியாக அரைக் கட்டை ஏறிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரைக் கட்டையில் பாடியதாக நீங்கள் கேட்பீர்கள். 80 சுற்று சுற்றினாலே கிட்டத்தட்ட அதில் பாதி தூரம் ஏறியிருக்கும். குரலின் கனமும் அதோடு சேர்ந்து மாறும்.

அளக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். தட்டின் ஓரத்துக்கு அடியில் அது கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துவிட்டு, முள்ளைத் தட்டில் இறக்கிப் பாடவிட்டு, அரை நிமிடத்துக்கு எண்ணுங்கள். 39 வர வேண்டும். முள் இறங்காமல் எண்ணினால் அந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் முள்ளின் உராய்வு வேகத்தைக் குறைக்கும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 77 கோடுகள் போட்ட வட்டத்தை அச்சடித்துத் தட்டின் நடுவில் வையுங்கள். சோக்கு வைத்த பழைய டியூப்லைட் வெளிச்சத்தில், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். முன்னால் நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னால் நகர்ந்தால் குறைவு. எல்.ஈ.டி. விளக்குகளில் பலவற்றில் இது வேலை செய்யாது. வேகத் திருகைத் துளித்துளியாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

1920களுக்கு முந்தைய தட்டுகள் எல்லாம் 78-ஐக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டு பதியப்பட்டவை அல்ல. ஒன்றிரண்டு சுற்று முன்பின் இருக்கும், சிலது இன்னும் அதிகமாகவே விலகும். அங்கே காதுதான் நீதிபதி. ஹார்மோனியத்தோடு பாடிய நாடகப் பாட்டாக இருந்தால் அதன் ஆதார சுருதி ஏதாவது ஒரு கட்டையின் மேல் உட்காரும்படி வேகத்தை வைத்துப் பார்ப்பது ஓரளவு உதவும்.

அதே எண்ணிக்கையைப் பக்கத்தின் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் எடுங்கள். முழுச் சாவி கொடுத்தும் முடிவில் வேகம் இறங்கினால் இப்போது மோட்டாரைப் பார்க்க வேண்டிய நேரம்.

மோட்டார்

முதல் விதி: மோட்டாரைத் தொடுவதற்கு முன் ஸ்பிரிங்கை முழுவதும் இறக்கிவிடுங்கள். தட்டில்லாமல் சுற்றவிட்டு, அது தானாக நின்ற பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும். சாவி ஏறிய நிலையில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றினால் பிடித்து வைக்க எதுவும் இல்லாமல் பற்சக்கரங்கள் வெறிகொண்டு சுற்றும், பற்கள் சிதையும், விரலும் போகும்.

அதைவிடக் கண்டிப்பான விதி: ஸ்பிரிங் அடைத்திருக்கும் டப்பாவைத் திறக்காதீர்கள். சாவி இறங்கிய பிறகும் அந்த எஃகுப் பட்டை அழுத்தத்தோடுதான் உள்ளே சுருண்டிருக்கிறது. திறந்தால் பாய்ந்து வந்து கையையோ கண்ணையோ கிழித்துவிடும். பாடும்போது உள்ளே தட், தட் என்று உதைக்கும் சத்தம் வந்தால், பழைய கிரீஸ் இறுகிப் பட்டையின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு திடீர் திடீரென்று விடுபடுகின்றன என்று அர்த்தம். அதைப் பிரித்துக் கழுவி கிராபைட் கிரீஸ் வைக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மற்றவற்றை நீங்களே பார்க்கலாம். சுற்றுத்தட்டை மேலே தூக்கி எடுத்து, பலகைத் திருகுகளைக் கழற்றி, மோட்டாரைத் தலைகீழாக வையுங்கள். மூன்று சிறு எடைகள் தகட்டு வில்களில் தொங்கும் உறுப்புதான் கவர்னர். சுற்றும்போது எடைகள் வெளியே விரியும், அதனால் ஒரு வட்டத் தகடு நகர்ந்து ஒரு கம்பளித் துண்டில் உரசும், வேகம் அதற்கு மேல் போகாது. அந்தக் கம்பளி காய்ந்திருந்தால் கீச்சென்ற சத்தமும் விட்டுவிட்டு வரும் நடுக்கமும் உண்டாகும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே நின்றுவிடும். வில்களில் ஒன்று விரிந்தோ உடைந்தோ இருந்தால் நீண்ட ஸ்வரங்களில் குரல் நடுங்கும். அப்போது மூன்றையும் சேர்த்து ஒரே கனத்தில் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் சமநிலை வராது.

பழைய அழுக்கைக் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து எடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் கவர்னரின் இரு முனைகளிலும், திருகுப்பல்லிலும், சுற்றுத்தண்டு உட்காரும் இடத்திலும் ஒவ்வொரு சொட்டு. பெரிய பற்சக்கரங்களுக்கு மெல்லிய கிரீஸ். அவ்வளவுதான். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் விட்ட மோட்டார்கள் நம் ஊரில் ஏராளம். அவை நாளாவட்டத்தில் பிசினாகி மோட்டாரையே நிறுத்திவிடும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் மசகெண்ணெய்க்கு மாற்று ஆகாது.

திரும்பப் பூட்டிய பின் பிரேக் கட்டை சுற்றுத்தட்டின் ஓரத்தில் உரசுகிறதா என்றும் பாருங்கள். வேகம் குறைவதற்கு அது மட்டுமே காரணமாக இருப்பதும் உண்டு. சாவியை ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால், நிதானமாக, கை கனக்கும் வரை கொடுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போது கொடுக்காதீர்கள், பெட்டி ஆடும். அன்றைய கச்சேரி முடிந்ததும் மிச்சச் சாவியைச் சுற்றவிட்டு இறக்கிவிட்டு, முள்ளைக் கழற்றிவிட்டு மூடுங்கள்.

பித்தளைக் குழல் வைத்த பெட்டிகள்

எண்கோணப் பெட்டி, பளபளக்கும் பித்தளைக் குழல், முன்னால் நாய் படம் என்று பழம்பொருள் கடைகளில் பார்க்கிறவை பெரும்பாலும் அண்மைக் காலத்தில் சேர்த்துக் கட்டியவை. உள்ளே ஏதோ ஒரு பெட்டி கிராமபோனின் மோட்டார் இருக்கும். கைக்குழாயும் சவுண்ட் பாக்ஸும் அளவு பார்க்காமல் செய்தவையாக இருக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மனம் விட வேண்டாம். உண்மையான பழைய சவுண்ட் பாக்ஸ் ஒன்றைத் தேடி வாங்கிக் கைக்குழாயின் வாய்க்குப் பொருத்துங்கள், மூட்டுகளில் காற்றை அடையுங்கள், ஓரளவு தேறிவிடும். அதுவரை நல்ல தட்டு எதையும் அதில் போடாதீர்கள்.

தட்டுகள்

அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது, அரக்கு அதில் கரைந்துவிடும். பாட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரில் பாத்திர சோப்பு ஒரு சொட்டுக் கலந்து, மென்மையான தூரிகையால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் நீரில் அலசி, நடுவில் இருக்கும் லேபிள் நனையாமல் நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். அழுக்குப் போன தட்டு பாதிக் கரகரப்பை இழந்துவிடும். நெட்டாக நிறுத்தி அடுக்குங்கள். சித்திரை வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், அரை நாளில் அப்பளமாகிவிடும். பாடும்போது சுருதி அலை அலையாக ஏறி இறங்கினால் நடுத்துளை மையம் தவறியிருக்கிறது. அது அச்சில் வந்த குறை, மோட்டாரைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

எந்தத் தட்டுக்கு எந்த சவுண்ட் பாக்ஸ் என்பதிலும் கவனம் வேண்டும். மைக் வைத்துப் பதியும் முறை 1925-இல்தான் வந்தது. அதற்கு முன்பு எல்லோரும் புனலின் வாயில் நின்று பாடியவர்கள்தான். 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடிப் பதிந்ததும் அப்படித்தான், கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி ஆகியோரின் ஆரம்பகாலத் தட்டுகளும் அப்படித்தான். அந்தக் குரல்கள் மைக்கா சவுண்ட் பாக்ஸில் இயல்பாக ஒலிக்கும். 1930களில் கே. பி. சுந்தராம்பாள் பாடிய தட்டுகள் போன்ற மின்பதிவுகளுக்கு 102-இன் அலுமினியத் தகடு பொருத்தம். 1950களின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் வந்த சினிமாத் தட்டுகள் உரக்கப் பதியப்பட்டவை. கனமான சவுண்ட் பாக்ஸின் அடியில் அவை சீக்கிரம் தேயும். மென்முள் போட்டு எப்போதாவது கேளுங்கள். எல்.பி. தட்டைத் தவறிக்கூட இதில் வைக்க வேண்டாம். அதன் தடம் மிக நுண்ணியது, எஃகு முள் ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

விளிம்பு சிதைந்ததையும் குறுக்கே விரிசல் விட்டதையும் கிராமபோனில் போடாதீர்கள். முள் அந்த இடத்தில் இடறி சவுண்ட் பாக்ஸையும் கெடுக்கும். அரிதான தட்டு, வேறெங்கும் கேட்கக் கிடைக்காத பாட்டு என்றால் 78 தட்டுக்கான ஊசி பொருத்திய மின்சார டர்ன்டேபிளில் முதலில் ஒரு நல்ல பதிவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கிராம் எடையில் அது தட்டைத் தொட்டும் தொடாமலும் படித்துவிடும். அதன் பிறகு சாவி கிராமபோனில் எப்போது கேட்பது, எத்தனை முறை கேட்பது என்பது உங்கள் விருப்பம்.